எருசலேமில் தூதரகம் திறந்த பசிபிக் தீவு நாடுகள்: திருச்சபைகளின் பங்கு எவ்வளவு?

கேள்வி: பாளையங்கோட்டை வாசகர்

எங்கள் சபையின் உபவாச ஜெபக் கூட்டங்களில் கடந்த சில ஆண்டுகளாகப் பப்புவா நியூ கினி, ஃபிஜி ஆகிய இரு நாடுகளின் பெயர்கள் அடிக்கடி அடிபடுகின்றன. பெரிய நாடுகள் தயங்கி நிற்க, இந்தத் தீவு நாடுகள் துணிந்து எருசலேமில் தூதரகம் திறந்தன என்றும், உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன் என்று ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்ட ஆசீர்வாதம் இனி அவற்றைத் தேடி வரும் என்றும் போதகர்கள் சொல்லக் கேட்கிறோம். யூத மக்கள்மேல் எனக்கும் மதிப்பு உண்டு. நாம் வாசிக்கும் வேதம் அவர்கள் கையிலிருந்து நமக்கு வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நாட்டின் வெளியுறவு முடிவை இவ்வளவு எளிதாக ஒரே வசனத்துக்குள் அடக்கிவிட முடியுமா என்ற ஐயம் நீங்கவில்லை.

நான் அறிய விரும்புவது இவைதான். இந்த நாடுகளில் தூதரக முடிவை எடுக்க வைத்தது உண்மையிலேயே திருச்சபைகளா, அல்லது உதவித் தொகையும் அமெரிக்க உறவும் முன்னே நிற்க, வேதவசனம் பின்னால் வந்து சேர்ந்ததா? அடுத்து, யூத மக்களோடு கொள்ளும் நட்பும் இஸ்ரேல் அரசோடு கொள்ளும் உறவும் ஒன்றுதான் என்று அங்குள்ள கிறிஸ்தவர்கள் எல்லோரும் கருதுகிறார்களா? போரைப் பற்றிய வாக்குவாதத்தைத் தவிர்த்து, அந்தத் தீவுகளை நேரில் அறிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

பதில் 1: முன்னாள் ஆசிரியர், போர்ட் மோர்ஸ்பி

சகோதரருக்கு வணக்கம். பப்புவா நியூ கினியில் பல ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தவன் என்ற முறையில் அந்த நாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2023 செப்டம்பர் 5 அன்று எருசலேமில் அந்நாட்டின் தூதரகம் திறக்கப்பட்டது. அமெரிக்கா, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், கொசோவோ ஆகியவற்றுக்கு அடுத்து அங்கே முழுத் தூதரகம் வைத்த ஐந்தாவது நாடு அது. விழாவில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவின் முன்னிலையில் பேசிய பிரதமர் ஜேம்ஸ் மராபே, எருசலேமை இஸ்ரேலின் தலைநகராக ஏற்காமல் நாங்கள் எங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்வது நிறைவு பெறாது என்ற பொருள்பட வெளிப்படையாகவே பேசினார். வெளியுறவுத் துறையினர் இப்படிப்பட்ட முடிவுகளுக்கு வணிகம், பாதுகாப்பு, வேளாண்மை என்று காரணங்களை அடுக்குவதே வழக்கம். ஒரு நாட்டின் தலைவர் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு விசுவாசத்தையே முதற்காரணமாகச் சொன்னது உலக அரங்கில் அரிது. ஆயினும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கான செலவை இஸ்ரேல் ஏற்கும் என்பதையும் அவரே சொன்னார் என்பதை எங்கள் ஊர்ப் போதகர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிறார்கள்.

இந்த உணர்வு 2023இல் திடீரென்று முளைத்ததன்று. மக்கள்தொகையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று பதிவு செய்யும் நாடு அது. 2011இல் அப்போதைய பிரதமர் பீட்டர் ஓ'நீல் ஆகஸ்ட் 26ஐத் தேசிய மனந்திரும்புதல் நாள் என்று அறிவித்து, அரசு விடுமுறையும் அளித்தார். தலைநகரின் பொதுப் பேருந்துகளின் கண்ணாடியிலும், பாக்கு விற்கும் பெண்களின் குடைக்கம்பியிலும் தாவீதின் நட்சத்திரம் பதித்த நீல வெள்ளைக் கொடி பறப்பதைக் காணலாம். எழுப்புதல் கூட்டங்களில் ஆட்டுக்கொம்பு எக்காளம் ஊதுவார்கள். இஸ்ரேல் கொடியையும் தங்கள் நாட்டின் சொர்க்கப் பறவைக் கொடியையும் சேர்த்தே ஏந்தி வலம் வருவார்கள். கொடியை ஏந்துகிறவர்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒரு யூதரையும் சந்தித்திருக்க மாட்டார்கள். அந்த நாட்டில் யூதச் சமூகம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை என்றே சொல்லிவிடலாம்.

பிறகு ஏன் இவ்வளவு பற்று? என் கணிப்பு இது. அங்கே சுவிசேஷம் வெள்ளைக்காரர் வழியாக வந்தது. 1870களில் லண்டன் மிஷனரி சங்கத்தாரும், 1886இல் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி யோகன்னஸ் ஃப்ளையர்லும், அவர்களுக்குப் பின் ஆஸ்திரேலியரும் வந்தனர். ஆட்சியும் மிஷனும் ஒரே கப்பலில் வந்திறங்கியதால், 1975இல் விடுதலை பெற்ற பிறகும் விசுவாசத்தில் தாங்கள் கடைசி வரிசைப் பிள்ளைகள் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. எருசலேமோடு நேரே உறவு கொள்ளும்போது லண்டனும் பெர்லினும் சிட்னியும் இடையில் நிற்பதில்லை. ஏசாயாவின் புத்தகத்தில் தேவனுக்காகக் காத்திருக்கும் தீவுகள் என்று வருவதையும், அப்போஸ்தலருடைய நடபடிகளில் பூமியின் கடைசிபரியந்தமும் என்று வருவதையும் அவர்கள் தங்கள் முகவரியாகவே வாசிக்கிறார்கள். மேற்கு மாகாணத்தின் கொகொதாலா மக்களில் சிலர், தாங்களே காணாமற்போன இஸ்ரவேல் கோத்திரத்தார் என்று நம்புமளவுக்கு இந்த உறவு போயிருக்கிறது. தூதரகம் என்பது இந்த நீண்ட வாசிப்பின்மேல் அரசு வைத்த முத்திரை.

இந்தப் பக்தியால் உள்நாட்டில் ஒரு சேதமும் ஏற்பட்டது. வைகானியிலுள்ள நாடாளுமன்றக் கட்டடம் செபிக் ஆற்றுப் பகுதியின் மூதாதையர் வழிபாட்டு வீட்டின் வடிவில் எழுப்பப்பட்டது. அதன் முகப்பு உத்தரத்தில் வரிசையாக மரத் தலைகள் செதுக்கப்பட்டிருந்தன. 2013இன் இறுதியில் அவைத் தலைவராயிருந்த தியோ சுரெநுவோக் அவற்றை விக்கிரகங்கள் என்று சொல்லி வெட்டி அகற்றச் செய்தார். பின்னர் 1611ஆம் ஆண்டு அச்சான ஆங்கில வேதாகமப் பிரதியொன்று அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, 2015இல் நாடாளுமன்றத்தில் மரியாதையோடு வைக்கப்பட்டது. தேசத் தந்தை சோமாரே சிற்பங்களை அகற்றியதைக் கடுமையாகக் கண்டித்தார். 2016இல் நீதிமன்றமும் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. செதுக்கப்பட்ட தலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாகாணத்தின் மரபு பின்னால் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

பதில் 2: சுவா நகரத்துக் கணக்காளர்

ஆசிரியர் ஐயா எழுதியதோடு ஃபிஜியை அப்படியே ஒட்டிப் பார்க்க முடியாது. இங்கே கதை வேறு.

ஃபிஜி தூதரகத்தை எருசலேமில் 2025 செப்டம்பர் 17 அன்று பிரதமர் சிட்டிவெனி ரம்புகா திறந்து வைத்தார். அவர் மெதடிஸ்ட் சபையில் ஊறியவர். 1835இல் லகெம்பா தீவில் வந்திறங்கிய மிஷனரிகளிடமிருந்து தொடங்குகிற மெதடிஸ்ட் மரபு, பூர்வகுடி ஃபிஜியர்களின் ஊராட்சியோடும் குலத் தலைமையோடும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கிறது. ஆகவே சபைகளின் ஆதரவு இல்லாமல் இந்த முடிவு வந்திருக்காது என்பது சரிதான். ஆனால் சபைக்கு நிகரான இன்னொரு வழியும் இருக்கிறது, அது இராணுவம்.

1978 முதல் 2002 வரை லெபனானின் தென்பகுதியில் ஐ.நா. அமைதிப் படையிலும், 1982 முதல் சினாய் பாலைவனத்துப் பன்னாட்டுப் படையிலும், 2013 முதல் கோலான் குன்றுப் பகுதியிலும் ஃபிஜி வீரர்கள் பணியாற்றி வந்திருக்கிறார்கள். பத்து இலட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட நாட்டில், அந்த நிலப்பகுதிக்குப் போய்வந்த ஓர் உறவினராவது இல்லாத பூர்வகுடிக் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விடுப்பில் கலிலேயாக் கடலையும் ஒலிவமலையையும் பார்த்துவிட்டு வந்த வீரர், ஊர்த் திரும்பியதும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லுவார். வேதத்தில் வாசித்த ஊர்ப் பெயர்களில் தன் சித்தப்பா காவல் நின்றிருக்கிறார் என்று பிள்ளைகள் கேட்டு வளர்கிறார்கள். 2014இல் கோலானில் 45 ஃபிஜி வீரர்களை ஆயுதக் குழுவொன்று பிடித்து வைத்து, இரண்டு வாரங்களுக்குப் பிறகு விடுவித்தபோது, தீவு முழுவதும் தேவாலயங்களில் இராப்பகலாக ஜெபம் நடந்தது. இப்படி உருவான பிணைப்பை வெறும் உபதேசக் கணக்கில் எழுதிவிட முடியாது.

மற்றொன்று, ஃபிஜி முழுவதும் கிறிஸ்தவ நாடு அன்று. 2007 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் கிறிஸ்தவர். 28 பேர் இந்துக்கள். 6 பேர் இசுலாமியர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1879 முதல் கொண்டுவரப்பட்ட இந்தியரின் வழியினர் இவர்கள். 1903க்குப் பின் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழர்களும் தெலுங்கர்களும் இவர்களுள் அடங்குவர். 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்தி வருகிறது. 1987இல் ரம்புகா நடத்திய இராணுவப் புரட்சியின்போது கிறிஸ்தவ நாடு என்ற முழக்கம் இந்தியர்களுக்கு எதிராகவே எழுந்தது என்பதை இந்த வீடுகள் மறக்கவில்லை. பின்னாளில் ரம்புகா அதற்காக மன்னிப்புக் கேட்டார் என்பதையும் நேர்மையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். எனவே எருசலேம் தூதரகத்தைப் பூர்வகுடிச் சபைகள் கொண்டாடும்போது, எனக்குத் தெரிந்த இந்திய வம்சாவளியினர் பலர் அதில் தங்களுக்கு இடமில்லை என்று ஒதுங்கியே நிற்கிறார்கள். இங்குள்ள மனித உரிமை அமைப்புகளின் கூட்டணியும் அதை வெளிப்படையாக எதிர்த்தது.

பதில் 3: வாக்குப் பட்டியல் வாசிப்பவன்

சபைகளுக்குத் தர வேண்டிய பங்கைவிட அதிகமாகத் தந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில செய்திகளை முன்வைக்கிறேன்.

எருசலேமைத் தலைநகராக அமெரிக்கா அறிவித்ததைக் கண்டித்து 2017 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்தை 128 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை 9 மட்டுமே. அந்த ஒன்பதில் மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா, நவுரு, பலாவு ஆகிய நான்கு பசிபிக் நாடுகள் இருந்தன. இவற்றில் நவுரு தவிர மற்ற மூன்றும் அமெரிக்காவுடன் சுயேச்சைக் கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டவை. அவற்றின் பாதுகாப்பு அமெரிக்காவின் பொறுப்பு, வரவு செலவுத் திட்டத்தில் பெரும் பகுதி அமெரிக்கப் பணம். அங்கேயும் தேவாலயங்கள் நிரம்பி வழிகின்றன என்பது உண்மைதான். எனினும் அந்த வாக்குகளுக்கு வேதவசனத்தை மட்டும் காரணம் காட்டினால் கணக்கு உதைக்கும்.

இதற்கு மறுபக்கத்தையும் பாருங்கள். சமோவா 2017இல் தன் அரசியலமைப்பையே திருத்திக் கிறிஸ்தவ நாடு என்று அறிவித்துக்கொண்டது. அதைத் தொடர்ந்து எருசலேமில் தூதரகம் திறந்துவிடவில்லை. சாலமன் தீவுகளின் மலைட்டாவில் மைக்கேல் மாயெலியாவு தொடங்கிய ஆழ்கடல் ஓடம் என்ற ஜெப இயக்கம், பூமியின் கடைசியிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிப் போகும் எழுப்புதலைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. இஸ்ரேல் பற்று அங்கே பப்புவா நியூ கினிக்குச் சற்றும் குறைந்ததன்று. அந்த அரசும் தூதரகம் திறக்கவில்லை. ஆக, சபைகளின் உற்சாகம் இருந்தால் மட்டும் போதாது. அதைத் தன் அரசியலுக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும் ஒரு பிரதமரும், செலவைத் தாங்கிக்கொள்ள ஒருவரும் வேண்டும்.

ஒரே நாட்டின் வாக்கும் மாறாமல் இருப்பதில்லை. 2023 அக்டோபர் 27 அன்று காஸாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை ஃபிஜி எதிர்த்து வாக்களித்தது. 2024 பிப்ரவரியில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்திலும் இஸ்ரேலின் நிலைக்குச் சாதகமாக வாதாடியது. ஆனால் அதே ஆண்டு மே 10 அன்று பாலஸ்தீனத்தின் உறுப்புரிமைக் கோரிக்கையைப் பற்றிய தீர்மானத்தில் அது வாக்களிக்காமல் ஒதுங்கியது. பப்புவா நியூ கினி எதிர்த்தது. கடல் கடந்து பார்த்தால் பராகுவே இன்னும் வெளிப்படையான உதாரணம். 2018 மே மாதத்தில் எருசலேமுக்குத் தூதரகத்தை மாற்றினார்கள். புதிய அதிபர் வந்ததும் செப்டம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இஸ்ரேல் சினம் கொண்டு அசுன்சியோனிலிருந்த தன் தூதரகத்தை மூடியது. 2024 டிசம்பரில் மறுபடியும் எருசலேமில் திறந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்குள் அந்நாட்டு மக்களின் விசுவாசம் மூன்று முறை மாறியிருக்க வாய்ப்பில்லை.

பதில் 4: இறையியல் மாணவி

சகோதரரின் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். முதலில் கொஞ்சம் பின்னணி. எருசலேமில் தூதரகங்கள் இருப்பது புதிதன்று. 1980 வரை நெதர்லாந்தும் பல இலத்தீன் அமெரிக்க நாடுகளுமாகப் பதின்மூன்று நாடுகள் அங்கே தூதரகம் வைத்திருந்தன. அவ்வாண்டு ஜூலையில் முழு எருசலேமையும் தன் தலைநகராக அறிவிக்கும் சட்டத்தை இஸ்ரேல் இயற்றியதும், ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஆகஸ்டில் 478ஆம் தீர்மானத்தின் மூலம் தூதரகங்களை அங்கிருந்து அகற்றச் சொன்னது, அனைத்தும் வெளியேறின. அதற்கு மறுமொழியாகத்தான் சில வாரங்களிலேயே சர்வதேச கிறிஸ்தவத் தூதரகம் என்ற அமைப்பை எருசலேமில் கிறிஸ்தவர்கள் சிலர் தொடங்கினார்கள். அரசுகள் போனால் என்ன, விசுவாசிகள் இருக்கிறோம் என்பதே அதன் கருத்து. அந்த அமைப்பு ஆண்டுதோறும் கொண்டாடும் கூடாரப் பண்டிகையில் தீவு நாட்டுக் குழுக்கள் தங்கள் மரபு உடையில் எருசலேம் வீதிகளில் அணிவகுத்துச் செல்லும் காட்சியை நம் ஊர்ச் சபைகளின் காணொளிகளிலும் பார்த்திருப்பீர்கள். பசிபிக் நாடுகளின் அரசுகள் பின்னாளில் செய்ததற்கு இந்த விசுவாசிகளின் போக்குவரத்து முன்னோடி என்றே நான் கருதுகிறேன்.

இனி உபதேசம். யூதர்களைத் தேவன் தள்ளிவிட்டார், அவர்கள் இடத்தைச் சபை பிடித்துக்கொண்டது என்ற பழைய போதனை நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் யூத வெறுப்புக்கு எண்ணெய் வார்த்தது. ரோமர் 11ஆம் அதிகாரத்தில் பவுல், ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளை மூலமரத்துக்கு விரோதமாகப் பெருமை பாராட்டக் கூடாது என்று புறஜாதியாரை எச்சரிக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை வழியாக, இயேசுவின் மரணப் பழியை யூத மக்கள்மேல் ஒட்டுமொத்தமாகச் சுமத்துவதைக் கைவிட்டது. அந்த அளவில் யூத மக்களோடு நட்பைத் தேடுவது கிறிஸ்தவர்களின் நீண்ட கடன். பப்புவா நியூ கினிப் பாட்டியொருத்தி நீல வெள்ளைக் கொடியைக் கையிலேந்தி அழுது ஜெபிப்பதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். யூத வெறுப்பு மறுபடி தலைதூக்கும் காலத்தில் அது அருமையான காரியம்.

ஆயினும் இந்தக் கடனைத் தீர்க்கும் வழி தூதரகம் ஒன்றுதான் என்று எல்லாச் சபைகளும் ஏற்கவில்லை. வத்திக்கான் 1993 டிசம்பரில் இஸ்ரேலோடு அடிப்படை ஒப்பந்தம் செய்து முழு அரசுறவை ஏற்படுத்திக்கொண்டது. பாலஸ்தீன அரசையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எருசலேமுக்குச் சர்வதேச உத்தரவாதமுள்ள தனி நிலை வேண்டும் என்று இன்றும் கேட்கிறது. இந்த மூன்றும் அதற்கு முரணாகத் தோன்றவில்லை. 2006 ஆகஸ்டில் எருசலேமின் இலத்தீன் மறைமுதுவர் மிஷேல் சப்பாவும், அங்குள்ள சிரியன் ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லுத்தரன் பேராயர்களும் ஒன்றுசேர்ந்து, அரசின் ஆதிக்கத்தையும் இறைவனின் வாக்குத்தத்தத்தையும் ஒன்றாக்கும் போதனையை மறுத்து அறிக்கை விட்டார்கள். அவர்கள் அந்த மண்ணின் கிறிஸ்தவர்கள். சுவாவிலோ பாளையங்கோட்டையிலோ நாம் எருசலேமைப் பற்றி எழுப்பும் ஜெபத்தில் அவர்கள் குரலுக்குப் பெரும்பாலும் இடமிருப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். 2023 அக்டோபரில் காஸாவின் புனித போர்ஃபிரியுஸ் தேவாலய வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் குண்டுவீச்சில் மாண்டபோது, நான் கேட்ட எந்த இஸ்ரேல் ஜெபத்திலும் அவர்கள் நினைக்கப்படவில்லை.

யூதர்கள் தரப்பிலும் ஒரு கூச்சம் உண்டு. நம் நட்புக்குப் பின்னால், கடைசி நாட்களில் அவர்கள் மதம் மாறியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறதோ என்று யூத அறிஞர்கள் பலர் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொல்லும் பொறுப்பு, கொடி ஏந்தும் சபைகளுக்கு இருக்கிறது.

கேள்வி கேட்டவரின் தொடர் வினா: பாளையங்கோட்டை வாசகர்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவிடம் இன்னும் ஒன்று. பப்புவா நியூ கினியிலுள்ள சபைகள் எல்லாம் இந்த விஷயத்தில் ஒரே மனதாக இருக்கின்றனவா? அங்கே கத்தோலிக்கர் கணிசமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

பதில் 5: முன்னாள் ஆசிரியர், போர்ட் மோர்ஸ்பி

ஒரே மனது என்று சொல்ல முடியாது, சகோதரரே. மக்கள்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கத்தோலிக்கர். அடுத்த பெரிய சபை லுத்தரன். கொடியும் எக்காளமும் முதன்மையாகப் பெந்தெகொஸ்தே, எழுப்புதல் சபைகளின் வழக்கம். கத்தோலிக்கப் பங்குகளில் இளைஞர் சிலர் அவற்றை எடுத்துக்கொண்டாலும் ஆயர்களின் போதனையில் அதற்கு இடமில்லை. 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் பெரும்பான்மை வாக்கோடு அரசியலமைப்பைத் திருத்தி நாட்டைக் கிறிஸ்தவ நாடு என்று அறிவித்தபோதும், அதற்கு முன்னரே எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் கத்தோலிக்க ஆயர் பேரவையும் ஒன்று. சட்டத்தில் எழுதினால் ஊழலும் வன்முறையும் குறைந்துவிடுமா என்பது அவர்கள் தரப்பின் வாதம்.

இன்னும் விந்தையானது பிரதமர் மராபேயின் நிலை. அவர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். இன்றைய இஸ்ரேல் அரசு வேத தீர்க்கதரிசனத்தின் நிறைவேற்றம் என்பதை அந்தச் சபையின் அதிகாரப்பூர்வ உபதேசம் ஏற்பதே இல்லை. ஓய்வுநாளைச் சனிக்கிழமையில் ஆசரிப்பதாலும் பன்றி இறைச்சியைத் தவிர்ப்பதாலும் அட்வென்டிஸ்டுகளை யூதரோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அங்குள்ள கிராமங்களில் இருக்கிறது என்றாலும், தூதரக முடிவை அந்த உபதேசத்திலிருந்து வரவழைக்க முடியாது. அவர் எருசலேமில் பேசியது தன் சபையின் கோட்பாட்டை அன்று; பேருந்துக் கண்ணாடியில் கொடி ஒட்டியிருக்கும் பொதுமக்களின் விசுவாசத்தை. தேர்தலில் வாக்களிப்பவர்களும் அவர்கள்தாமே.